பக்கத்தில் ஓர் ஆள்: தோட்ட டிரெஸ்ஸர் முதல் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை

என் தாத்தாவைப் பாகான் டத்தோ வட்டாரத்தில் யாரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பெரியவர்களுக்கு அவர் ‘டிரெஸ்ஸரய்யா’. பிள்ளைகளுக்கு ‘ஊசித் தாத்தா’. அவர் சாவுக்கு வந்திருந்த கூட்டத்தில் பாதிப் பேருக்கு அன்றைக்குத்தான் அவருடைய பெயர் தெரியும். தென்னந்தோட்டத்து ஆஸ்பத்திரியில் முப்பது வருஷத்துக்கும் மேல் வேலை பார்த்தவர். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை, ஆறு கட்டில், ஒரு மருந்து அலமாரி, வாசலில் ஒரு மணி. இரவில் யாராவது அந்த மணியை அடித்தால் தாத்தா கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடுவார் என்று பாட்டி சொல்வார்.

2021 ஆகஸ்டில் ஒரு நாள் பின்னிரவு இரண்டு மணிக்கு அக்கா போன் செய்தாள். அவள் அரசு மருத்துவமனைத் தாதி. பல வருஷமாகக் குழந்தைகள் வார்டில் இருந்தவள். கோவிட் நோயாளிகள் பெருகியதால் அந்த மாதம் வேறொரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பப்பட்டிருந்தாள்.

“தம்பி, மெஷின் அலாரம் அடிச்சா எந்த பட்டனைத் தொடறதுன்னே பயமா இருக்குடா. மூனு நாள் சொல்லிக் குடுத்தாங்க. மூனு நாள்ல என்னத்தக் கத்துக்கிறது?” என்றாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “தாத்தாவ நெனச்சுக்கிட்டேன்” என்றாள்.

ஏன் தாத்தா என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அக்காவை அனுப்பிய ஏற்பாட்டுக்கு இன்று மருத்துவமனை நிர்வாகத்தில் ‘நெகிழ்வான பணியமர்த்தல்’ என்று பெயர். மூச்சையும் இதயத் துடிப்பையும் தாங்கிப் பிடிக்கும் இயந்திரங்களைக் கவனிக்கத் தேர்ந்த ஆட்கள் வேண்டும். அவர்களை எப்போதும் போதுமான எண்ணிக்கையில் நிரந்தரமாக வைத்திருப்பது செலவு. ஆகவே தேவை ஏறும்போது வேறு வார்டிலிருந்தும் வேறு ஊரிலிருந்தும் ஒப்பந்தத்திலும் ஆட்களைக் கூட்டிக்கொள்வது, இறங்கும்போது திருப்பி அனுப்பிவிடுவது. கேட்பதற்குப் புதிதாகத் தோன்றும். ஆனால் மலாயாத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்கு இது கொள்ளுத்தாத்தா காலத்துச் சமாச்சாரம்.

*

வரைபடத்தில் பாகான் டத்தோவைப் பாருங்கள். வடக்கே பேராக் ஆறு, தெற்கே பெர்ணம் ஆறு, மேற்கே மலாக்கா நீரிணை. மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தாழ்வான களிமண் நிலம். கால்வாய் வெட்டி, கடல்நீர் ஏறாமல் கரை கட்டிய பிறகுதான் இங்கே எதையும் நட முடிந்தது. பேராக் தோட்டம் என்றால் எல்லாருக்கும் பால்மரம்தான் நினைவுக்கு வரும். இந்தக் கரையோரத்தில் தென்னைக்குத்தான் பெயர். தமிழர்களும் தெலுங்கர்களும் தேங்காய் பறித்து, உரித்து, கொப்பரை காயவைத்து வாழ்ந்த ஊர்கள் இவை. இப்போது பெரும்பகுதி செம்பனை. 2017இல்தான் பாகான் டத்தோ தனி மாவட்டமானது. அதுவரை எல்லாக் காரியத்துக்கும் தெலுக் இந்தானைத்தான் பார்க்க வேண்டும். 1982 வரை அந்த ஊரின் பெயர் தெலுக் ஆன்சன். தாத்தா கடைசிவரை அப்படித்தான் சொன்னார்.

சதுப்பு நிலத்தில் தோட்டம் போட்டதும் முதலில் வந்தது மலேரியா. கிள்ளானில் 1901 முதல் வேலை பார்த்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவரை மலாயா வரலாற்றைப் படித்தவர்கள் அறிவார்கள். சதுப்பை வடித்து, காட்டைத் திருத்தி, கொசு பெருகும் இடத்தை ஒழித்து மலேரியாவைக் குறைக்கலாம் என்று செய்துகாட்டியவர். சமவெளியில் பலித்த அந்த வழி மலைப்பக்கத் தோட்டங்களில் பலிக்கவில்லை. காட்டை வெட்டியதும் வெயில் பட்ட ஓடைகளில் வேறு வகைக் கொசு பெருகியது. அதற்கு அவர் வேறு வழி தேட வேண்டியிருந்தது. அவர் எழுதிய மலேரியாத் தடுப்பு நூல் 1911இல் வெளிவந்தது.

வாட்சனைப் பற்றிப் பேசும்போது பலரும் கொசுவோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. அவர் அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் பல தோட்டங்களுக்கு ஒரே மருத்துவராக ஆனார். தனித்தனியாக ஒரு டாக்டரை வைத்துக்கொள்ள எந்தத் தோட்டமும் முன்வராது. பத்துத் தோட்டம் சேர்ந்தால் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கலாம். இந்தக் கணக்குதான் பிறகு மலாயா முழுக்கத் தோட்ட மருத்துவத்தின் அடிப்படையானது.

இதில் கருணை எவ்வளவு, கணக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுக்கு வந்து கங்காணி முறை ஓங்கியிருந்த காலம். கப்பல் செலவு கொடுத்துத் தஞ்சாவூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கொண்டுவந்த ஆள் ஆறு மாதத்தில் காய்ச்சலில் செத்துப்போனால் துரைக்கு நஷ்டம். இன்னொரு பக்கம், இந்தியாவில் எழுந்த கண்டனத்துக்கும் காலனி அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியை முதலாளியின் பொறுப்பாக வைத்தது. தோட்ட ஆஸ்பத்திரிகள் எழுந்தன. சில தோட்டங்கள் சேர்ந்து குழு ஆஸ்பத்திரி கட்டின.

டாக்டர் என்பவர் வருகை மருத்துவர். வி.எம்.ஓ. என்பார்கள். குறித்த நாளில் காரில் வருவார். பதிவேட்டைப் பார்ப்பார், கட்டிலில் இருப்பவர்களைப் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார். டாக்டருக்கு நாள்குறிப்பு உண்டு, நோய்க்கு இல்லை. அவர் வராத நாட்களையெல்லாம் ஒரே ஆள் நிரப்பினார். அவர்தான் டிரெஸ்ஸர்.

*

புண்ணுக்குக் கட்டுப்போடுகிறவர் என்பதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் நேர்ப்பொருள். செய்த வேலை அதோடு நிற்கவில்லை. தமிழர், யாழ்ப்பாணத்தார், மலையாளிகள் எனக் கொஞ்சம் ஆங்கிலம் படித்தவர்களே பெரும்பாலும் இந்த வேலைக்கு வந்தார்கள். காலைப் பெரட்டில் நின்று யார் காய்ச்சலோடு வேலைக்கு வந்திருக்கிறார், யார் காய்ச்சல் என்று பொய் சொல்கிறார் என்று பார்ப்பது முதல் வேலை. அதனால் தொழிலாளிக்கு அவர் மேல் பாதி நம்பிக்கை, பாதிச் சந்தேகம். பிறகு கொய்னா கொடுப்பது, குடற்புழுவுக்கு மருந்து ஊற்றுவது, அறுபட்ட கைக்குத் தையல், பல் பிடுங்குவது, பிரசவம், ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்ப்பது, கால்வாயில் கொசு எண்ணெய் அடிக்கும் ஆட்களை மேய்ப்பது, குடிதண்ணீர், கழிப்பறை, கடைசியில் இறப்புப் பதிவு.

நாடு விடுதலை அடைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1965இல், தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய ஒரு தனிச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு தாளில் அவர்கள் ‘எச்.ஏ.’ ஆனார்கள். லயத்தில் டிரெஸ்ஸர் டிரெஸ்ஸராகவேதான் இருந்தார். பதிவுச் சான்றிதழைத் தாத்தா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார், சாமி படங்களுக்குப் பக்கத்தில். அரசாங்கம் தன்னை ஒரு தொழில்காரனாக ஒத்துக்கொண்டதில் அவருக்கு அவ்வளவு பெருமை.

இப்போது அந்தக் கதை. தாத்தா அதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். அக்கா தாதிப் பயிற்சிக்குத் தேர்வான அன்று, சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மத்தியானம். மருந்தடிக்கப் போன பையன் ஒருவனை நாலு பேர் தூக்கி வந்தார்கள். முதுகுத் தொட்டி ஒழுகி உடம்பெல்லாம் பூச்சிமருந்து. வாயில் நுரை. கண்ணின் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பார்த்தவுடன் தாத்தாவுக்குப் புரிந்துவிட்டது. அந்த வகை மருந்து நரம்புக்கும் தசைக்கும் நடுவே நடக்கும் பேச்சைக் குழப்பிவிடும். நுரையீரலில் நீர் சுரந்துகொண்டே இருக்கும். கடைசியில் மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகும். துணியைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, அட்ரோபின் ஊசி போட்டார். அட்ரோபின் சுரக்கும் நீரை வற்ற வைக்கும். ஓய்ந்த தசையை அது எழுப்பாது. தசை திரும்பும் வரைக்கும் வேறு யாராவது அவனுக்காக மூச்சு ஊத வேண்டும்.

ஆஸ்பத்திரியில் ஒரு காற்றுப்பை இருந்தது. முகத்தில் கவிழ்க்கும் மூடியும் அதன் பின்னால் ரப்பர்ப் பையும். அமுக்கினால் காற்று உள்ளே போகும், விட்டால் பை தானே உப்பிக்கொள்ளும். தாத்தா அதைப் ‘பலூன்’ என்பார். தோட்டத்து லோரியில் பலகை போட்டுப் பையனைக் கிடத்தி, தெலுக் ஆன்சனுக்குப் புறப்பட்டார். அன்றைய சாலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேல். பாதி வழியில் கை மரத்துவிட்டது. லோரியின் கெலிண்டானாக வந்தவன் பதினேழு வயசுப் பையன். எழுதப் படிக்கத் தெரியாது. அவன் கையில் பலூனைக் கொடுத்துத் தாத்தா சொன்னாராம்:

“டேய், ஒன் மூச்சக் கவனி. நீ இழுக்கிறப்ப இத அமுக்கு. நீ விடுறப்ப விட்ரு. அவனும் ஒங்கூடவே மூச்சு விடுவான்.”

இரண்டு பேரும் மாறி மாறி அமுக்கினார்கள். பையன் பிழைத்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் தாத்தா இதை ஆயிரம் முறை சொல்லியிருப்பார். அவர் போன நேரத்தில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. பிள்ளை கால் முன்னால் வந்தது. யாரோ ஓடிவந்து ஆஸ்பத்திரி மணியை அடித்துக்கொண்டே இருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது. ஆயாக் கொட்டகை ஆயாவும் இரண்டு கிழவிகளும் முடிந்ததைச் செய்தார்கள். தாய் தப்பித்தாள். பிள்ளை தப்பவில்லை.

“ஒருத்தரும் என்னய ஒன்னும் சொல்லலம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க டிரெஸ்ஸரய்யான்னுதான் சொன்னாங்க. ஆனா பூட்டு போட்டுட்டுப் போனது நாந்தானே” என்றார் அக்காவிடம். இன்னொரு ஆள் வேண்டும் என்று அவர் அதற்கு முன்பே இரண்டு தடவை எழுதிக் கேட்டிருந்தார். ஒரு டிவிஷனுக்கு ஒரு டிரெஸ்ஸர் போதும் என்று பதில் வந்திருந்தது.

*

கெலிண்டான் பையனுக்குத் தாத்தா சொல்லிக்கொடுத்த பாடம் இருபது வருஷத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் ஆயிரத்துக்கும் அதிகமான மாணவர்கள் கற்ற பாடம். அவருக்கு அது தெரியாது. நானும் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த நாடு டென்மார்க். கீழ்ப் பேராக்குக்கு அது அப்படியொன்றும் அந்நிய தேசமில்லை. ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டேனிஷ் பொறியாளர் 1906இல் தொடங்கிய ஜென்டராத்தாத் தோட்டம் எங்களுக்குப் பக்கம்தான். இன்றும் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான் இருக்கிறது. இலக்கிய வாசகர்களுக்கு ஓர் உபரித் தகவல்: கென்யாவின் காப்பித் தோட்ட வாழ்க்கையை எழுதிய கரென் பிளிக்சனுக்கு இந்த வெஸ்டன்ஹோல்ஸ் தாய்மாமன்.

1952 கோடையில் கோபன்ஹேகனை இளம்பிள்ளைவாதம் தாக்கியது. தொற்றுநோய்க்கான பிளெக்டாம் மருத்துவமனைக்குத் தினமும் நோயாளிகள் வந்து குவிந்தார்கள். பலருக்கு மூச்சுத் தசைகளும் விழுங்கும் தசைகளும் செயலிழந்திருந்தன. அன்றைக்கு இருந்த வழி, உடம்பை இரும்புப் பெட்டிக்குள் வைத்து வெளிக்காற்றின் அழுத்தத்தை மாற்றி மார்பை விரியச் செய்வது. அப்படிப்பட்ட பெட்டி அங்கே ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மார்பில் மட்டும் பொருத்தும் சிறிய கருவிகள் ஆறு. முதல் மூன்று வாரத்தில் இந்தக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்தார்கள்.

தலைமை மருத்துவர் லாசன், பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணரை ஆலோசனைக்கு அழைத்தார். அறுவை சிகிச்சைக் கூடத்தில் தினமும் செய்வதையே இங்கும் செய்யலாம் என்றார் இப்சன். தொண்டையில் துளை போட்டுக் குழாயைச் செருகி, பையை அமுக்கிக் காற்றை நேராக நுரையீரலுக்குள் அனுப்புவது. ஆகஸ்ட் 27 அன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்கு அதைச் செய்துகாட்டினார். அவள் பிழைத்தாள்.

வழி கிடைத்துவிட்டது. ஆனால் அமுக்கும் கை வேண்டுமே? ஒரு நோயாளிக்கு இரவும் பகலும், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். உச்ச நேரத்தில் ஒரே சமயத்தில் 70 பேர். மருத்துவமனை பல்கலைக்கழகத்திடம் போனது. மருத்துவ மாணவர்கள் வந்தார்கள். பிறகு பல் மருத்துவ மாணவர்களும் வந்தார்கள். மொத்தம் சுமார் 1,500 பேர். முறை வைத்துக் கட்டிலருகே உட்கார்ந்து ஏறக்குறைய 1,65,000 மணி நேரம் பையை அமுக்கினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. 1953 டிசம்பரில் இப்சன் கோபன்ஹேகனின் இன்னொரு மருத்துவமனையில், மோசமான நிலையில் இருக்கும் எல்லா வகை நோயாளிகளையும் ஒரே இடத்தில் வைத்துக் கவனிக்கும் பிரிவைத் தொடங்கினார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

இதைப் படித்தபோது என் மனசு இயந்திரத்தில் நிற்கவில்லை, அந்த வரிசையில் நின்றது. ஒரு மாணவன் எழுந்தால் உட்கார இன்னொருவன் இருந்தான். சந்தேகம் வந்தால் கூப்பிட மயக்க மருந்து நிபுணர் அதே கட்டடத்தில் இருந்தார். பையை அமுக்கியவன் மட்டும் புதியவன். அவனைச் சுற்றி இருந்தவர்கள் தேர்ந்தவர்கள். லோரியில் தாத்தாவுக்கு இருந்தது ஒரு கெலிண்டான் மட்டும். ஆஸ்பத்திரி வாசலில் மணியை அடித்தவர்களுக்கு அதுவும் இல்லை.

கோபன்ஹேகன் ஒரு தலைநகரம், பக்கத்திலேயே பல்கலைக்கழகம் இருந்தது என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். கோலாலம்பூரில் மருத்துவப் படிப்பு 1960களில்தான் தொடங்கியது. ஆனால் அதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். ஆபத்து வரும் நாளில் ஆட்களைத் திரட்ட முடிவது, அவர்கள் ஏற்கெனவே எங்கோ படித்துக்கொண்டிருப்பதால்தான்.

*

பிறகு இயந்திரங்கள் வேகமாக வளர்ந்தன. 1953 மே 6 அன்று பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக ஓர் இயந்திரத்தை ஓடவிட்டுத் திறந்த இதய அறுவை சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். அந்த இயந்திரத்தை ஓட்டுவதே தனித் தொழிலானது. அவர்களைப் பெர்ஃபியூஷனிஸ்ட் என்கிறார்கள். அறுவை மேசையில் சில மணி நேரம் ஓடிய அதே தத்துவத்தைப் படுக்கையருகே நாட்கணக்கில் ஓடவைத்ததுதான் எக்மோ. 2016 டிசம்பரில் ஜெயலலிதாவும் 2020இல் எஸ்.பி.பாலசுப்ரமணியமும் சிகிச்சையில் இருந்தபோது இந்தச் சொல் தமிழ் வீடுகளுக்குள் வந்துவிட்டது. செய்தியில் எக்மோ என்றதும் எல்லாரும் பெட்டியைக் கற்பனை செய்துகொண்டார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை யாரும் கற்பனை செய்யவில்லை.

எக்மோவில் தடித்த குழாய் வழியாக ரத்தம் உடலைவிட்டு வெளியே வரும். ஒரு பம்ப் அதைத் தள்ளும். செயற்கைச் சவ்வு கரியமில வாயுவை எடுத்துவிட்டு ஆக்சிஜனைச் சேர்க்கும். ரத்தம் திரும்ப உள்ளே போகும். குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுக்க வேண்டும். அந்த மருந்து கூடினால் மூளையிலோ வயிற்றிலோ கசியும். குழாய் மடங்கினாலோ கழன்றாலோ நிமிடக் கணக்குத்தான். ஆகவே ஒரு நோயாளிக்கு ஒரு முழு ஆள் பக்கத்திலேயே வேண்டும், சில இடங்களில் இரண்டு பேர். இதில் சிக்கல் என்னவென்றால், இப்படிப்பட்ட நோயாளிகள் தினமும் வருவதில்லை. ஒரு மருத்துவமனையில் இரண்டு வாரம் ஒருவரும் இல்லாமல் இருக்கும். திடீரென ஒரே நாளில் மூன்று பேர் வருவார்கள். உச்சத்துக்கு ஆள் வைத்தால் மற்ற நாட்களில் சம்பளம் வீண் என்று கணக்காளர் சொல்வார். குறைந்த அளவுக்கு வைத்தால் மூன்றாவது நோயாளி வரும் இரவில் ஒருத்தர் தொடர்ந்து இருபது மணி நேரம் விழித்திருக்க வேண்டும்.

இந்த இக்கட்டில் நெகிழ்வு தேவையே இல்லை என்று சொல்ல முடியாது. நல்ல பிரிவுகள் மற்ற வார்டுத் தாதிகளையும் முன்கூட்டியே பழக்கி, நோயாளி இல்லாத நாட்களிலும் ஒத்திகை பார்த்து, கை மறக்காமல் வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து ஆள் வந்தாலும் பழைய ஆள் ஒருவர் பக்கத்தில் இருப்பார். இது ஒரு வகை நெகிழ்வு. இருக்கிற ஒருவரையே இழுத்து இரண்டு இடத்துக்கும் போர்த்துவது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்திருப்பதுதான் குழப்பம்.

*

2021 ஆகஸ்ட் 26 அன்று மலேசியாவில் ஒரே நாளில் 24,599 பேருக்குக் கோவிட் உறுதியானது. அந்த நாட்களில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். வெண்டிலேட்டரை வாங்கலாம், இரவல் கேட்கலாம், நன்கொடையாகப் பெறலாம். ஓட்டத் தெரிந்த தாதியை அப்படிப் பெற முடியாது. அக்காவைப் போலப் பலர் அனுப்பப்பட்டார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 26 அன்று, ஒப்பந்த மருத்துவர்கள் பணியிலிருந்து வெளிநடப்பு செய்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். நிரந்தரப் பணியிடங்கள் போதவில்லை என்று 2016 டிசம்பரில் கொண்டுவரப்பட்டது அந்த ஒப்பந்த முறை. பெருந்தொற்றின் நடுவில் வேலையை விட்டு வெளியே வரலாமா என்று அப்போது கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன். அக்காதான் திருத்தினாள். “ஒப்பந்தம் முடிஞ்சா எங்க போறதுன்னு தெரியாதவங்கள வச்சிட்டுதான்டா இங்க ராத்திரி ஓடுது. நிபுணராப் படிக்கறதுக்கு அவங்களுக்கு வழி இல்லன்னா, பத்து வருஷம் கழிச்சு இந்த மெஷினுக்குப் பக்கத்துல யாரு நிப்பா?” என்றாள். நெகிழ்வின் பாரம் முழுக்க வேலை செய்கிறவர் தலையில் விழும்போது, அடுத்த தலைமுறை நிபுணர்களும் குறைந்துபோகிறார்கள். ஒரு டிவிஷனுக்கு ஒரு டிரெஸ்ஸர் போதும் என்ற பதில் எனக்கு அப்போது மறுபடி காதில் விழுந்தது.

தோட்டத்து ஏற்பாடும் இப்படித்தான் கரைந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சிறு துண்டுகளுக்கு ஆஸ்பத்திரி கட்டுப்படியாகவில்லை. 1957 முதல் 1959 வரை சுகாதார அமைச்சராக இருந்த வீ.தி.சம்பந்தன், துண்டாடலில் வீடிழந்தவர்களைக் காக்க 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மிஞ்சிய பெரிய தோட்டங்களிலும் பிறகு செம்பனை வந்தது, ஆள் குறைந்தது, எங்கள் ஆட்கள் பிள்ளைகளின் வேலையைத் தேடிக் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போனார்கள். 1990இல் வந்த தொழிலாளர் வீடமைப்பு வசதிச் சட்டத்தில் தோட்ட மருத்துவமனை பற்றிய பகுதி இருக்கிறது. பல இடங்களில் கட்டடம்தான் இல்லை. தாத்தாவின் ஆஸ்பத்திரி முதலில் கிளினிக் ஆனது, பிறகு உரம் வைக்கும் கிடங்கு ஆனது. இப்போது அங்கே செம்பனை நிற்கிறது.

டிரெஸ்ஸர் காலத்தைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. தகுதிக்கு மீறிய வேலையை ஒரு மனிதர் மீது ஏற்றி, அதை மலிவு என்று பாராட்டிய காலம் அது. செத்த பிள்ளையின் கணக்கு எந்தப் பதிவேட்டில் எப்படி எழுதப்பட்டதோ. ஆனாலும் மணியடித்தால் ஓடிவர ஓர் ஆள் லயத்துக்குப் பக்கத்திலேயே இருந்தார். இன்று பாகான் டத்தோவில் மூச்சுத் திணறினால் தெலுக் இந்தான். அங்கேயும் முடியாவிட்டால் ஈப்போ. சாலை நன்றாகிவிட்டது. தூரம் குறையவில்லை.

அந்த ஆகஸ்டு முழுக்க அக்கா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். இரண்டாவது வாரத்திலிருந்து அவளுடைய குரல் மாறியது. மூத்த தாதி ஒருவர் ஒவ்வொரு ராத்திரியும் அவளோடு நின்று, எந்த அலாரம் அவசரம், எது குழாய் மடங்கியதால் வருகிறது, எதற்கு டாக்டரை எழுப்ப வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டியிருக்கிறார். கடைசி வாரத்தில் புதிதாக வந்த இரண்டு பேருக்கு அக்காவே சொல்லிக்கொடுத்தாள். “மொதல்ல மெஷினப் பாக்காதீங்க, நோயாளியோட நெஞ்சு ஏறி எறங்குதான்னு பாருங்கன்னு சொன்னேன். தாத்தா சொன்னதுதான்” என்றாள்.

பிறகு அவள் குழந்தைகள் வார்டுக்குத் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த இயந்திரத்தைத் தொடும் வாய்ப்பு அவளுக்கு வரவில்லை. போன தீபாவளிக்கு வந்தபோது கேட்டேன், இப்போது கூப்பிட்டால் போவாயா என்று.

“போவேன். ஆனா மறுபடியும் மூனு நாள் பயிற்சியிலேருந்துதான் ஆரம்பிக்கணும். பாதி மறந்துபோச்சு” என்றாள்.

தாத்தாவின் சான்றிதழ் இப்போது என் வீட்டில் இருக்கிறது. அவர் இருபத்தைந்து வருஷம் எழுதிய நாட்குறிப்புகள் தோட்ட அலுவலகத்தோடு போய்விட்டன. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி நம்மிடம் நாவல்கள் இருக்கின்றன; கங்காணியும் கிராணியும் துரையும் அவற்றில் தாராளமாக வருகிறார்கள். மருந்துப் பெட்டியோடு ஓரமாக நிற்கும் டிரெஸ்ஸரை யாராவது உட்காரவைத்துக் கேட்டிருக்கிறோமா? உங்கள் குடும்பத்திலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இன்னும் உயிரோடு இருந்தால், எத்தனை தோட்டத்துக்கு ஒரு டாக்டர் வந்தார், அவர் வராத ராத்திரிகளில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரைக் காப்பாற்றினார் என்பதைத் தானாகவே சொல்லிவிடுவார். பூட்டிய கதவைப் பற்றி நீங்கள்தான் கேட்க வேண்டும்.